இடது பக்கம் இழுத்த பெட்டி

சுவர்க் கடிகாரம் பதினொன்றரை காட்டியது. மேஜைமேல் புகார்க் கடிதம் அச்சடித்துத் தயாராகக் கிடந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நாலு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பதாக முதலாளி முடிவு பண்ணிவிட்டார்.

"உக்காருங்க மேடம்," என்றார், மூன்றாவது தடவையாக.

சர்வேயர் மேடம் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருபத்திரண்டு வருஷம், எரிந்த கோடவுன்களுக்கும் கவிழ்ந்த லாரிகளுக்கும் நடுவே பொய்யைப் பொறுக்கி எடுத்தவர். ஓய்வு பெற்றுத் துப்பறியும் ஆபீஸ் திறந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. உட்கார்ந்தால் புத்தி தூங்கிவிடும் என்பது அவர் கட்சி.

அவருக்காகப் போட்ட நாற்காலியில் உதவியாள் உட்கார்ந்தான். "சும்மா இருக்குதேன்னுதாங்க," என்று முதலாளியிடம் சமாதானம் சொன்னான்.

அவனை எல்லோரும் லோடு என்றே கூப்பிடுவார்கள். லாரி ஷெட்டில் பதினாலு வருஷம் மூட்டை தூக்கினவன். வயது நாற்பத்தொன்று, கழுத்துக்குப் பின்னால் மூட்டை உட்கார்ந்த இடம் இன்னும் காய்ப்புக் காய்த்திருந்தது. சரக்கோடு கவிழ்ந்ததாகச் சொன்ன லாரியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "காலி வண்டியைத் தள்ளி விட்டிருக்கானுங்க, ஸ்பிரிங் பட்டையைப் பாருங்க, வளையவே இல்ல," என்று அவன் முணுமுணுத்ததைக் கேட்டுத்தான் மேடம் அவனைக் கையோடு கூட்டி வந்தார்.

"திருடி யாருன்னு எனக்குத் தெரியும்," என்றார் முதலாளி. "நீங்க ஆதாரத்தை மட்டும் எடுத்துக் குடுத்தாப் போதும். திங்கக்கிழமை டிசைன் ஃபைல் காணாம போச்சு. அன்னைக்கு சாயங்காலமே கேட்ல எல்லார் பையையும் சோதிச்சோம். டிரான்ஸ்ஃபார்மர் காயில் சுத்துற அம்மா பையில ஒரு துண்டுப் பேப்பர், முழுக்க நம்ம காயில் விவரம். வியாழக்கிழமை போட்டிக் கம்பெனி ஷோரூம்ல நம்ம பெட்டி. அதே முகம், அதே ஒத்தைத் திருகு. அவங்க பேரு போட்டு."

"பெட்டின்னா எந்தப் பெட்டி?"

மூலையில் நின்றிருந்த மாப்பிள்ளை முன்னால் வந்தான். முதலாளியின் மகளைக் கட்டியவன். கம்பெனியின் டிசைன் எஞ்சினியரும் அவனே. மேஜையோரம் இருந்த ஆம்ப்ளிஃபையரின் மேல் துணியை எடுத்தான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒற்றைத் திருகு, இரண்டு பக்கமும் சூடு ஆற அலுமினிய விலா எலும்புகள். வேறு ஒரு பொத்தான்கூட இல்லை.

"ரெக்கார்ட் பிளேயர் முள்ளு குடுக்கற சத்தம் ஒரு வோல்ட்ல ஆயிரத்துல சில பங்குதான் இருக்கும்," என்றான். "அதைத் தூக்கி ஹால் நிறைய பாட்டாக்கணும். அதுக்குக் கரண்ட் குடுக்கற டிரான்ஸ்ஃபார்மரும் அதே பெட்டிக்குள்ள இருக்கணும். ரகசியம் பேசுறவனையும் குஸ்தி போடறவனையும் ஒரே ரூம்ல குடி வைக்கிற வேலை."

"எங்க வீட்லயும் அப்படித்தாங்க," என்றான் லோடு.

"நீ எந்த ஆளு?" என்றார் மேடம், நடையை நிறுத்தாமல்.

"ரகசியம் பேசுறவன்."

லோடு எழுந்தான். முதலாளி பதறி, ரெண்டு பேர் தூக்க வேண்டியது என்பதற்குள் பெட்டி மேஜையை விட்டு ஒரு முழம் எழும்பியிருந்தது. திருகு அவன் நெஞ்சைப் பார்த்து இருந்தது. பெட்டி முன்பக்கமாகச் சாய, அவன் வலது தோள் கொஞ்சம் இறங்கியது.

"இருபத்தாறு கிலோ. இந்தக் கைக்கு மட்டும் ஓரவஞ்சனை பண்றீங்களே."

"டிரான்ஸ்ஃபார்மர் அந்தப் பக்கம்," என்றான் மாப்பிள்ளை. துணியை மடித்துக்கொண்டே, "அங்க வைக்க வேண்டியதாப் போச்சு," என்றான்.

கேட்டை ஒட்டின காவல்காரர் அறையில் ஒரு ஸ்டூல். காயில் சுற்றுகிற அந்த அம்மாவை, பட்டறையில் எல்லோருக்கும் காயிலக்கா, அதில் உட்கார வைத்திருந்தார்கள். காலையிலிருந்து அங்கேதான். நாற்பத்தைந்து வயதிருக்கும். செம்புக் கம்பி அறுத்த கோடுகள் இரண்டு ஆள்காட்டி விரலிலும் குறுக்கே ஓடின. அழவில்லை. விரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரியைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தாள்.

"அந்தப் பேப்பர் என்னம்மா?" என்றார் மேடம்.

"சுத்துக் கணக்கு. மெஷின்ல உக்காந்திருக்கும்போது யாராவது கூப்பிட்டா எத்தனாவது சுத்துன்னு மறந்துடும். அதான் நூறு சுத்துக்கு ஒரு கோடு கிழிச்சுக்குவேன். பத்தொம்பது வருஷமா கிழிக்கிறேன். பையைத் தலைகீழாக் கொட்டினாங்க மேடம். சோத்து டப்பா, சீப்பு, மாத்து ஜாக்கெட்டு. நாப்பது பேர் பாத்துக்கிட்டு நின்னாங்க."

"நாலு மணிக்கு ஸ்டேஷன்ங்கறாரு."

"தெரியும். உள்ள வெச்சாக்கூட வெளிய வந்துடுவேன். திருடின்னு எழுதிட்டா அப்புறம் எந்தப் பட்டறைக்காரன் என்னை மெஷின்கிட்ட விடுவான்? எனக்கு வேற வேலை தெரியாது."

லோடுவுக்கு அங்கே நிற்க முடியவில்லை. லாரி ஷெட்டில் ஒரு மூட்டை குறைந்தால் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். ஒரு மூட்டையை ஒளித்து வைக்க உடம்பில் இடம் ஏது என்று ஒருத்தரும் யோசிக்க மாட்டார்கள். அவன் மேடத்துக்கு முன்னால் தெருவுக்கு வந்து டாக்சியை நிறுத்தினான்.

"ஷோரூம்ல பெட்டியைப் பிரிச்சுக் காட்ட மாட்டான்," என்றார் மேடம், டாக்சியில். பேனா மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடினார். "சீல் வெச்சிருப்பான். வெளி முகம் ஒண்ணுதான்னு நமக்குத் தெரியும். உள்ள என்னன்னு தெரியணும்."

"தூக்கிப் பாத்தா ஆச்சு."

"அதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கு நீ என் தம்பி."

"சம்பளத்தோடவா, பாசத்தோடவா?"

"வாயை மூடிக்கிட்டு."

ஷோரூமில் கம்பளம் கணுக்கால் வரை புதைந்தது. விற்பனையாளன் கழுத்துப் பட்டியும் மென்மையான குரலுமாக வந்தான். லோடுவின் செருப்பைப் பார்த்தான், மேடத்தின் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தான், கண்ணாடியை நம்பத் தீர்மானித்தான்.

"இதுதான் மேடம், இந்த வருஷம் ஊரே பேசறது."

பெட்டி ஒரு கருங்கல் மேடையில் இருந்தது. முகம் அச்சு அசலாக அதே முகம். விற்பனையாளன் ஒரு ரெக்கார்டைத் தேடி எடுத்தான்.

"பாட்டு வேண்டாம்," என்றார் மேடம். "ரெக்கார்ட் பிளேயரை மாட்டி, முள்ளைத் தூக்கியே வெச்சிட்டு, சத்தத்தை முழுசாத் திருகுங்க."

"மேடம், அப்ப ஒரு சத்தமும் கேக்காதுங்களே."

"நான் தனியா இருக்கிறவ. பெரும்பாலும் அதைத்தான் கேக்கப் போறேன்."

அவன் திருகினான். மேடம் தலையைச் சாய்த்து நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. லோடு ஸ்பீக்கரிடம் போய்க் காதை வைத்தான். அடியில் ஒரு உறுமல் இருந்தது. சரக்கு ஏற்றும்போது எஞ்சினை அணைக்காமல் விட்ட லாரி மாதிரி, தாழ்வாக, விடாமல்.

"ஏதோ இரையுதே," என்றான்.

"அது ஏசி சார்."

"ஏசி ஸ்பீக்கருக்குள்ளயா இருக்கு?"

விற்பனையாளன் சத்தத்தைக் குறைத்தான். மேடம் பேச்சை மாற்றினார். "எங்க வீட்டுல கண்ணாடி அலமாரி. தாங்குமான்னு தெரியல. தம்பி, கனத்தைப் பாரு."

"மேடம், அது ரெண்டு பேர்..."

லோடு அதற்குள் குனிந்துவிட்டான். முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி, திருகைத் தன் நெஞ்சுக்கு நேராக வைத்துத் தூக்கினான். காலையில் தூக்கின அதே கனம். ஆனால் தோள் ஏமாந்தது. வலது கை இறங்கத் தயாராக இருந்தது. இறங்கியதோ இடது கை. பெட்டி இடது பக்கமாக, அதுவும் பின்பக்கமாகச் சாய்ந்தது. ஒரு கணம் பிடி நழுவி, விற்பனையாளன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

லோடு பெட்டியை மெதுவாக வைத்தான். "அலமாரி தாங்காதுக்கா," என்றான். தெருவுக்கு வரும்வரை பொறுக்க முடியாமல் வாசற்படியிலேயே சொன்னான்: "மேடம், நம்ம ஆள் பெட்டி வலது முன்னாடி இழுக்குது. இது இடது பின்னாடி. வயித்தை மாத்தி வெச்சிருக்கான்."

"நிச்சயமா?"

"பதினாலு வருஷம். கண்ணைக் கட்டிக்கிட்டு அரிசி மூட்டையா பருப்பு மூட்டையான்னு சொல்லுவேன்."

மேடம் நடு நடைபாதையில் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு விலகிப் போனார்கள். மணி ரெண்டே கால்.

"அப்ப திங்கக்கிழமை காணாம போன ஃபைல்ல இருந்து இது வரல," என்றார். "அந்த ஃபைல்ல டிரான்ஸ்ஃபார்மர் வலது பக்கம். மூணு நாள்ல பெட்டி பண்ணி முடிக்கவும் முடியாது. இது வேற படம்."

"வேற படம் எங்க இருந்து வந்துச்சு?"

"அதை ஸ்டூல்ல உக்காந்திருக்கவகிட்ட கேப்போம்."

திரும்பும்போது சாலை அடைத்துக்கொண்டது. ஒரு சிக்னலில் பதினைந்து நிமிஷம் போனது. மேடம் இறங்கி நடந்துவிடலாமா என்று ரெண்டு தடவை கதவைத் திறந்தார். "இறங்கித் தள்ளட்டுமா மேடம்?" என்று லோடு கேட்டதற்கு டாக்சிக்காரர்தான் முறைத்தார்.

காவல்காரர் அறைக்குள் மேடம் நுழைந்தபோது மூன்று ஆகப் பத்து நிமிஷம். நேராகக் கேட்டார்: "டிரான்ஸ்ஃபார்மரை இடது பக்கம் பின்னாடி வெச்சு இங்க எப்பவாவது பெட்டி பண்ணினாங்களா?"

காயிலக்காவின் கை பிளாஸ்திரியை விட்டது. "முதல் பெட்டி அப்படித்தான். எட்டு மாசம் இருக்கும். கரண்ட் போற கம்பி நீளம் குறையும்னு மாப்பிள்ளை சார் அங்க வெச்சாரு. ரெக்கார்ட் பிளேயர் கம்பி நுழையற இடமும் அதே மூலை. போட்டுக் கேட்டாங்க. நான் காயில் குடுக்கப் போனவ, இரையுதுன்னேன். அவரு இல்லைன்னாரு. படிச்சவரு, ஏதோ மெஷினை வெச்சு அளந்து காட்டினாரு. ஐயா கண்ணை மூடிக் கேட்டுட்டு, இந்தம்மா சொல்றது சரின்னுட்டாரு."

"அப்புறம்?"

"படத்தைக் கிழிக்கச் சொன்னாரு. மாப்பிள்ளை சார் கையாலயே. நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தோம். அப்புறம் வலது பக்கம் மாத்தி, காயிலைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிப் பாத்து, சத்தம் அடங்கற இடத்துல நான்தான் முடுக்கச் சொன்னேன்."

வெளியே வந்து லோடு தலையைச் சொறிந்தான். "அந்தப் படத்துல எது எங்கன்னு தெரிஞ்சவங்க மூணு பேரு. முதலாளி, மாப்பிள்ளை, இந்தம்மா. இரையுற படம்னு தெரிஞ்சே இந்தம்மா ஏன் விக்கப் போகுது?"

"எதிராளி கெட்டுப் போகட்டும்னு வேணும்னே கெட்ட படத்தைக் குடுத்துச்சுன்னு முதலாளி சொல்லுவாரு."

"சொல்லுவாருங்க. அவரு கடிதமே அடிச்சு வெச்சுட்டாரு."

"அப்ப நமக்கு ஆதாரம் பேப்பர்ல கிடைக்காது," என்றார் மேடம். "முகத்துல பாக்கணும். நான் உள்ள ஒரு பொய் சொல்லப் போறேன். நீ என்னைப் பாக்காதே. அவங்க மூணு பேரையும் பாரு."

மூன்றே கால். காயிலக்காவையும் அறைக்குள் கூப்பிட்டார்கள். அவள் கதவோரம் நின்றாள். முதலாளி பேனாவைக் கையில் எடுத்து வைத்திருந்தார். மேடம் இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்தார். லோடு மூன்று முகமும் தெரிகிற மாதிரி சுவரோரம் நகர்ந்து நின்றான்.

"பெட்டியைப் பாத்தேன்," என்றார் மேடம். "டிரான்ஸ்ஃபார்மரை இடது பக்கம் பின்னாடி வெச்சிருக்காங்க. ரெக்கார்ட் பிளேயரை மாட்டி, திருகை முழுசாத் திருகிக் கேட்டேன். மன்னிக்கணும் முதலாளி. துளி சத்தம் இல்ல. கிணத்துக்குள்ள இறங்கின மாதிரி அமைதி."

முதலாளி பேனாவைக் கீழே வைத்தார். உள்ளங்கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டார். "போச்சு," என்றார். "இனிமே நம்ம பெட்டியை யார் வாங்குவான்."

"அப்படி இருக்காதுங்க," என்றாள் காயிலக்கா. ஸ்டேஷன், புகார் எல்லாம் அவளுக்கு மறந்துபோன மாதிரி இருந்தது. "அந்த மூலையில இரையாம இருக்காது. என்னைக் கூட்டிட்டுப் போங்க, நான் கேக்கறேன்."

லோடு மாப்பிள்ளையைப் பார்த்தான். வீட்டில் திருட்டுப் போனவன் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். எதிராளி ஜெயித்துவிட்டான் என்று கேட்டவன் முகமும் தெரியும். இது ரெண்டும் இல்லை. எட்டு மாசமாகத் தூக்கிச் சுமந்த எதையோ இறக்கி வைத்தவன் முகம் அது. காது வரை சிரிப்பு.

"மாமா," என்றான் மாப்பிள்ளை. "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? அந்த இடம்தான் சரின்னு. மீட்டர்ல காட்டினேன். மீட்டரை விட இந்தம்மா காது பெருசுன்னீங்க."

"அவன் ஜெயிச்சுட்டான்கறாங்க, நீ சிரிக்கிறியே," என்றார் முதலாளி.

"டிசைன் என்னோடது மாமா. யார் பேரு போட்டிருந்தா என்ன?"

மேடம் எழுந்தார். "உங்களுக்கு ஒரு நல்ல சேதி முதலாளி. நான் சொன்னது பொய். அந்தப் பெட்டி இரையுது. அணைக்காத லாரி மாதிரி இரையுதுன்னு இவன் சொல்றான். லாரி விஷயத்துல இவன் பேச்சை நான் நம்புவேன்."

மாப்பிள்ளையின் சிரிப்பு அப்படியே நின்று, பிறகு கோபமாக மாறியது.

"இரையாது," என்றான். "வாய்ப்பே இல்ல. குறுக்கே மூணு மில்லி இரும்புத் தகடு வெச்சா இரையவே இரையாது. ரெண்டு தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன், தகட்டுல கை வைக்காதீங்கடான்னு. செலவு மிச்சம் பண்றேன்னு அவனுங்க..."

நின்றுவிட்டான். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குக் கேட்டது போலும்.

முதலாளி மெதுவாகத் தலையைத் தூக்கினார். "யாருகிட்டடா சொன்னே?"

மாப்பிள்ளை கதவைப் பார்த்தான். அதற்கு வெளியே காயில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"கிழிச்ச படத்தைத் திரும்ப வரைஞ்சு குடுத்திருக்காரு," என்றார் மேடம். "வியாழக்கிழமை பெட்டி ஷோரூமுக்கு வருதுன்னு அவருக்கு முன்னாடியே தெரியும். முகம் ஒண்ணாத்தான் இருக்கும், நீங்க ஆளைத் தேடுவீங்க. அதனால திங்கக்கிழமையே ஃபைலைக் காணாம பண்ணினாரு. தேட ஆரம்பிச்சா யார் பையில கணக்குப் பேப்பர் இருக்கும்னு அவருக்குத் தெரியும். ஃபைல் எங்க தம்பி?"

"கார்ல," என்றான் மாப்பிள்ளை. குரல் உள்ளே போய்விட்டது. "ஒரு பைசா வாங்கல மாமா. சத்தியமா வாங்கல. அது சரியா ஓடும்னு ஒரு தடவை காட்டணும், அவ்வளவுதான்."

"அதுக்கு இந்தம்மாவை ஸ்டேஷன்ல உக்கார வைப்பீங்களா?" என்றான் லோடு. அவன் அதிகம் கோபப்படுகிறவன் இல்லை. இப்போது இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான். வெளியே விட்டால் எங்கே போகும் என்று அவனுக்கே நிச்சயமில்லை.

"புகார் வரைக்கும் போகும்னு நினைக்கல. ரெண்டு நாள்ல விட்டுடுவாருன்னு..."

முதலாளி வைத்த பேனா மேஜையிலிருந்து உருண்டு விழுந்தது. ஒருத்தரும் எடுக்கவில்லை.

முதலாளி புகார்க் கடிதத்தை எடுத்தார். நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். கடிகாரத்தில் மூன்றரை. கூடையைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா," என்றார் காயிலக்காவிடம். "தப்பு நடந்துடுச்சு. மனசுல வெச்சுக்காதே. நாளைக்கு வழக்கம்போல மெஷினுக்கு வந்துடு. என்ன, இது எங்க வீட்டு விஷயமும்கூட. பொண்ணு வாழ்க்கை இருக்கு. இந்த ரூமோட போகட்டும்."

"சரிங்கய்யா," என்றாள் காயிலக்கா. ஆனால் நகரவில்லை. "மாப்பிள்ளை சாரைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். அது உங்க வீடு. என்னைப் பத்திச் சொல்லணும்."

"அதான் சொல்லிட்டேனே."

"இங்க சொன்னீங்க. பையை இங்கயா கொட்டினீங்க?"

முதலாளி மேடத்தைப் பார்த்தார். மேடம் ஜன்னலைப் பார்த்தார். முதலாளி லோடுவைப் பார்த்தார். லோடு போய்க் கதவைத் திறந்து, திறந்தபடியே பிடித்துக்கொண்டான்.

முதலாளி எழுந்து நடந்தார். காயிலக்கா அவருக்கு முன்னால் போகவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. கூடத்தில் இரண்டு வரிசையாக மெஷின்கள். நாற்பது தலைகள் நிமிர்ந்தன. கைகள் நிற்கவில்லை, சுற்றும் கம்பியை நடுவில் விட முடியாது. முதலாளி நடுவழியில் நின்று, தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். மெஷின் சத்தத்தில் அவர் உதடு மட்டும்தான் அசைந்தது.

"கேக்கலைங்க," என்றது ஒரு குரல், கடைசி வரிசையிலிருந்து.

அவர் திரும்பச் சொன்னார், இன்னும் கொஞ்சம் உரக்க.

"இங்கயும் கேக்கலைங்க," என்றது இன்னொரு குரல்.

ஒருத்தி தன் மெஷினை நிறுத்தினாள். சுற்றுக் கணக்கைப் பேப்பரில் ஒரு கோடு கிழித்துக் குறித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அடுத்தவள் நிறுத்தினாள். ஒவ்வொன்றாக, கதவு வரைக்கும், நாற்பதும் நின்றன. முதலாளி சட்டைப் பொத்தானை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கினார். மூன்றாவது தடவையாக, எல்லோருக்கும் கேட்கும்படி, அந்த அம்மா திருடவில்லை என்று சொன்னார்.